திருச்சியில் டவுன் பஸ்ஸா, சொந்த வண்டியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடியிருப்பது ஸ்ரீரங்கம், வேலை கன்டோன்மென்ட்டில். வீட்டில் ஒரு பைக்கும் ஒரு காரும் நிற்கின்றன. இருந்தாலும் வாரத்தில் நாலைந்து நாள் டவுன் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்கள், எதிர்வீட்டுக்காரர், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் என்று யார் இதைப் பார்த்தாலும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறேன்.

"சார், ஊருக்குப் புதுசு. திருச்சியில வண்டி இல்லாம காலம் தள்ள முடியுமா?"

நீங்கள் எங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்ரீரங்கம், சத்திரம், ஜங்ஷன் என்று வடக்கு தெற்காக ஒரு தடம். சத்திரத்திலிருந்து பால்பண்ணை, அரியமங்கலம், திருவெறும்பூர் வழியாகத் துவாக்குடிக்குக் கிழக்கே ஒரு தடம். இந்த இரண்டையும் ஒட்டி வீடும் வேலையும் அமைந்துவிட்டால் வண்டி இல்லாமல் தாராளமாக இருக்கலாம். பகலில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பது பெரும்பாலும் சில நிமிஷம்தான்.

கஷ்டம் குறுக்கே போகிறவர்களுக்கு. உறையூரில் வீடு, கே.கே. நகரில் வேலை என்றால் இடையில் இறங்கி மாற வேண்டியிருக்கும். ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைகளில் வீடு பிடித்தாலும் அப்படித்தான், மினி பஸ்ஸின் நேரத்தை மனப்பாடம் செய்தாக வேண்டும். அதனால் வாடகைக்கு வீடு தேடும்போதே நிறுத்தத்துக்கு எத்தனை நிமிஷ நடை என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் நல்ல வீடு.

"சத்திரம், ஜங்ஷன், பஞ்சப்பூர்னு மூணு சொல்றாங்க. நான் எங்க இறங்கணும்?"

மூன்றும் பேருந்து நிலையங்கள். சத்திரம் மலைக்கோட்டைப் பக்கம். கடைத்தெரு, கல்லூரிகள், ஸ்ரீரங்கம் எல்லாம் அதை ஒட்டி. மத்தியப் பேருந்து நிலையத்தைத்தான் ஊர்க்காரர்கள் ஜங்ஷன் என்பார்கள், ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இருப்பதால். பஞ்சப்பூர் புதுசு. மதுரைச் சாலையில், 2025 மே மாதம் திறந்து, ஜூலை 16 முதல் பஸ்கள் ஓடத் தொடங்கின. மதுரை, திருநெல்வேலி, சென்னை போகும் வெளியூர் பஸ்களுக்கு இப்போது அங்கேதான் போக வேண்டும்.

பஸ்ஸோ வண்டியோ என்ற கணக்கையே பஞ்சப்பூர் கொஞ்சம் மாற்றிவிட்டது. முன்பு ஜங்ஷனில் இறங்கி வீட்டுக்கு ஒரே பஸ். இப்போது வெளியூர் போவதென்றால் முதலில் டவுன் பஸ் பிடித்துப் பஞ்சப்பூர் போய், அங்கே மாற வேண்டும். மூட்டை முடிச்சோடு வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் ஆட்டோ வைப்பதில் தப்பே இல்லை. ஒற்றை ஆளாகப் போகிறவர்களுக்கு டவுன் பஸ் போதும். கையில் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

"கவர்ன்மென்ட் பஸ்ஸும் பிரைவேட் பஸ்ஸும் ஒரே ரூட்ல ஓடுதே, எதுல ஏறுறது?"

திருச்சியில் தனியார் டவுன் பஸ்கள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் இந்த நிறுத்தத்திலிருந்து இத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று டைமிங் உண்டு. முன்னால் போன பஸ்ஸுக்கும் பின்னால் வரும் பஸ்ஸுக்கும் நடுவே உள்ள அந்தச் சில நிமிஷத்தில் சேரும் ஆட்கள்தான் அவர்களுடைய கலெக்‌ஷன். அதனால் கூவிக் கூவி ஏற்றுவார்கள், டைமிங் முடிந்ததும் பறப்பார்கள். பாட்டுச் சத்தமும் இருக்கும். அவசரம் என்றால் எது முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கள்.

ஏறுவதற்கு முன் நம்பரை மட்டும் பார்க்காமல் 'வழி' என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். சத்திரத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் பாலக்கரை வழியாகப் போகும் பஸ் வேறு, தில்லைநகர் வழியாகப் போகும் பஸ் வேறு. புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் பாலக்கரை பஸ்ஸில் ஏறிவிட்டு நடுவழியில் பதறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் படிக்கட்டில் கால் வைக்கும் முன்பே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

"அண்ணா, லேடீஸுக்கு ஃப்ரீன்னா எல்லா பஸ்லயுமா?"

இல்லைம்மா. 2021 மே 8 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தத் திட்டம் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும். தனியார் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய துணையாளுக்கும் இதே சலுகை உண்டு. ஃப்ரீ என்றாலும் கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று தருவார். அதைக் கையில் வைத்திருங்கள்.

தனியார் பஸ் அதிகம் ஓடும் ஊர் என்பதால் இதில் ஒரு சங்கடம் உண்டு. சாயங்காலம் கடை விட்டு வரும் பெண்கள் இரண்டு மூன்று தனியார் பஸ்ஸை விட்டுவிட்டு அரசு பஸ்ஸுக்காக நிற்பதை மெயின்கார்டு கேட் நிறுத்தத்தில் தினமும் பார்க்கலாம். அந்தப் பத்து ரூபாய் அவர்களுக்குப் பெரிய காசு, அதற்காகத்தான் கால்கடுக்க நிற்கிறார்கள். அரசு பஸ்களை இந்தத் தடங்களில் கூட்டினால் இவர்கள் வீட்டுக்கு இன்னும் சீக்கிரம் போவார்கள் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

"பெட்ரோல் செலவைப் பார்த்தா பைக்கும் பஸ்ஸும் ஒண்ணாத்தானே வருது?"

நல்ல கேள்வி. பெட்ரோலை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது கிட்டத்தட்ட சரி. என் கணக்கையே தருகிறேன். வீட்டிலிருந்து வேலைக்கு ஏறக்குறைய 9 கி.மீ. போக வர 18. மாதம் 25 நாளுக்கு 450 கி.மீ. பைக் லிட்டருக்கு 45 கொடுத்தால் 10 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1000 ரூபாய். பஸ்ஸுக்கு இரு வழிக்கும் சேர்த்து 30 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் மாதம் 750.

ஆனால் வண்டி பெட்ரோலில் மட்டும் ஓடுவதில்லை. ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய பைக் பத்து வருஷம் ஓடினால் மாதத்துக்கு 830 ரூபாய் அதன் விலையிலேயே போகிறது. ஆயில் மாற்றுவது, டயர், பிரேக் ஷூ என்று தனியாக இருக்கிறது. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு வேறு. 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு வருஷம் 714 ரூபாய், 1000 முதல் 1500 சிசி காருக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் வரி. எல்லாம் சேர்த்தால் பைக் மாதம் இரண்டாயிரத்தைத் தாண்டும்.

கார் இந்த ஊர் நெரிசலில் லிட்டருக்கு 12 கொடுத்தால் பெட்ரோலே 3,750 ரூபாய். எட்டு லட்ச ரூபாய்க் காரைப் பத்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 6,600க்கு மேல். அப்புறம் சர்வீஸ். பத்தாயிரத்துக்குக் கீழே வராது.

"வண்டிதான் ஏற்கெனவே வாங்கியாச்சே. பஸ்ல போனா மட்டும் அந்தக் காசு திரும்ப வருமா?"

வராது. இதை ஒளித்துவைத்துப் பஸ்ஸுக்காகப் பேசுவது நியாயமில்லை. வாங்கிவிட்ட வண்டியை வீட்டில் நிறுத்தினால் மிச்சமாவது பெட்ரோலும் தேய்மானமும் மட்டும்தான். பைக்காரருக்கு அது மாதம் சில நூறு ரூபாய், கார்க்காரருக்கு மூவாயிரம். பெரிய மிச்சம் கிடைப்பது இன்னும் வாங்காதவர்களுக்கும், இரண்டாவது வண்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும்தான். வீட்டுக்கு ஒரு வண்டி போதும் என்று நிறுத்திக்கொண்டால் மேலே சொன்ன கணக்கில் பாதி அப்படியே கையில் நிற்கும்.

"நானும் வீட்டுக்காரரும் ஒரே பைக்ல போறோம். எங்களுக்குமா பஸ் லாபம்?"

இருவரும் டிக்கெட் எடுப்பதாக இருந்தால் இல்லை. பஸ்ஸுக்கு 1,500 ஆகும், பைக்குக்கு அதே 1000தான். நீங்கள் அரசு பஸ்ஸில் கட்டணமில்லாமல் போனால் அவருடைய 750 மட்டும், அப்போது பஸ் லாபம். இருவர் சேர்ந்து பைக்கில் போகும்போது பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் அபராதம் 1000 ரூபாய். அபராதத்தை விடுங்கள், கீழே பாதுகாப்பு பற்றிய பதிலையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

"சரி, காசு இருக்கட்டும். நேரம்? பஸ் ரொம்ப இழுத்துடுமே?"

போன ஆடி மாதம் முழுக்க ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். ராஜகோபுரம் நிறுத்தத்துக்கு நடை, காத்திருப்பு, சத்திரத்தில் ஆள் இறங்கி ஏறும் நேரம், ஜங்ஷனிலிருந்து ஆபீசுக்கு நடை எல்லாம் சேர்த்து வாசல் முதல் வாசல் வரை ஐம்பது நிமிஷம் வாக்கில். பைக்கில் அரை மணி. காரில் முப்பத்தைந்து, நிறுத்த இடம் தேடப் பத்து. ஆக, பைக்தான் சீக்கிரம். காருக்கும் பஸ்ஸுக்கும் ஐந்து நிமிஷ வித்தியாசம்தான்.

அந்த ஐம்பது நிமிஷத்தில் உட்கார இடம் கிடைத்தால் முக்கால்வாசி நேரம் என் கையில் இருக்கிறது. சத்திரத்தில் பாதி பஸ் காலியாகிவிடும், அங்கே ஜன்னலோரம் பிடித்துக்கொள்வேன். ஆடியில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது செம்மண் நிறத்தில் புதுத்தண்ணீர் கரையோடு கரையாக ஓடும். வண்டி ஓட்டிக்கொண்டு போன வருஷங்களில் நான் பார்த்ததெல்லாம் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைத்தான்.

"காலைல எட்டரைக்கு அந்தக் கூட்டத்துல எப்படி சார் ஏறுறது?"

எட்டரைக்கு ஏறாதீர்கள். எட்டு மணிக்கு முன்னால் வருகிற பஸ்ஸும் எட்டரை மணி பஸ்ஸும் வேறு வேறு உலகம். எட்டரை முதல் ஒன்பதேகால் வரை கல்லூரிப் பிள்ளைகளின் நேரம், படிக்கட்டில் தொங்குவார்கள். ஆபீசில் பேசி அரை மணி முன்னதாக வந்து முன்னதாகக் கிளம்ப அனுமதி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாதென்றால், நடுவில் உள்ள நிறுத்தத்தில் நிற்காமல் பஸ் கிளம்பும் இடத்துக்கே நடந்து போய் ஏறுங்கள். படியில் நின்று மட்டும் போகாதீர்கள். அடுத்த பஸ் வரும்.

சில்லறையை எடுத்து வைத்திருங்கள். மடித்த நோட்டுகளை விரல் இடுக்கில் செருகிக்கொண்டு அறுபது பேருக்குள் நீந்தி வரும் கண்டக்டரிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டுவது அவரைத் தண்டிப்பது போல.

"என்.எஸ்.பி. ரோட்டுக்கு ஜவுளி எடுக்கப் போறோம், குடும்பத்தோட. கார்ல போகக் கூடாதா?"

போகலாம், ஆனால் கடை வாசலில் போய் நிறுத்துவதை மறந்துவிடுங்கள். அந்தத் தெருக்கள் கோட்டைக்குள் நடக்கிறவர்களுக்காக அமைந்தவை. கோட்டையைச் சுற்றியிருந்த அகழியைத் தூர்த்துத்தான் மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும் வந்தன. மெயின்கார்டு கேட் அந்தக் கோட்டையின் மிச்சம். தீபாவளி சமயத்தில் என்.எஸ்.பி. ரோட்டுக்குள் வண்டியே விடமாட்டார்கள்.

நாலு பேர், கைநிறையப் பை என்றால் நான் செய்வது இது: போகும்போது பஸ்ஸில் மெயின்கார்டு கேட், திரும்பும்போது ஆட்டோ. அதற்கு ஆகும் செலவு, காரை எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டு வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அலுப்பை விடக் குறைவு. கார்தான் வேண்டும் என்றால் மேலப்புலிவார்டு ரோட்டில் மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது.

"அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏற முடியல. என்ன பண்ணட்டும்?"

காரிலோ ஆட்டோவிலோ கூட்டிப் போங்கள். இதில் யோசிக்கவே வேண்டாம். நம் டவுன் பஸ்களின் முதல் படி தரையிலிருந்து முழங்கால் உயரம். என் அம்மா கடைசியாக ஏறிய நாளில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். இரண்டாவது கால் படியில் வைக்கும் முன்பே விசில் ஊதிவிட்டார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் வரச் சொல்லி நான் கேட்கவில்லை. தாழ்தளப் பஸ் வராதவரை முழங்கால் வலிக்காரர்களிடம் பஸ்ஸில் போங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

"ரயில்லயே ஊருக்குள்ள போகலாமாமே, நிஜமா?"

நிஜம்தான். ஸ்ரீரங்கம், டவுன், பொன்மலை, ஜங்ஷன் ஒரே பாதையில் வருகின்றன. கோட்டை ரயில் நிலையம் கரூர் பாதையில். தஞ்சாவூர்ப் பாதையில் திருவெறும்பூர். பாசஞ்சர் ரயிலில் குறைந்த கட்டணம் 10 ரூபாய். வண்டிகள் குறைவு என்பதால் எல்லோருக்கும் ஒத்துவராது. உங்கள் வேலை நேரத்துக்கு ஒரு வண்டி பொருந்திவிட்டால் சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட மலிவு இந்த ஊரில் எதுவும் இல்லை.

"பஸ்ஸே கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுறாங்க. பைக் தானே நம்ம கையில இருக்கு, பாதுகாப்பு?"

வேகமாக ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. டைமிங் பற்றி மேலே சொன்னதுதான் அதன் வேர். ஆனாலும் உள்ளே இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. பைக்கில் நம் உடம்புதான் கூடு. 2022இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

குறிப்பாகத் துவாக்குடி பக்கம் தினமும் பைக்கில் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வாரத்தில் சில நாளாவது பஸ்ஸில் போங்கள். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை தேசிய நெடுஞ்சாலையில் லாரிக்கு நடுவில்தான் போக வேண்டும். அணுகுசாலை கேட்டு அந்தப் பகுதி மக்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். அது முழுதாக வரும்வரை அந்தச் சாலையில் என் தம்பியை நான் பைக்கில் அனுப்பமாட்டேன்.

"பையன் பிளஸ் ஒன். டியூஷனுக்குப் பஸ் சரிப்படலைன்னு ஸ்கூட்டர் கேக்கிறான். குடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. 16 வயதில் உரிமம் கிடைப்பது 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு மட்டும், கடையில் நீங்கள் பார்க்கும் ஸ்கூட்டர்கள் அதில் சேராது. டியூஷன் பக்கம் என்றால் சைக்கிள், தூரம் என்றால் பஸ். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பாஸ் இருக்கிறது.

"ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு பதினோரு மணிக்கு வர்றேன். அப்பவும் பஸ்தானா?"

உங்களுக்கு வண்டிதான். பத்து மணிக்கு மேல் பஸ்கள் குறைந்துவிடும், குறுக்குத் தடங்களில் சுத்தமாக இருக்காது. தனியாக நிறுத்தத்தில் நிற்பதை, அதுவும் பெண்களை, நான் சொல்லவே மாட்டேன். பலர் செய்வது போல, வண்டியைச் சத்திரம் அல்லது ஜங்ஷன் பக்கம் கட்டண நிறுத்தத்தில் வைத்துவிட்டு நெடுந்தூரத்தை மட்டும் பஸ்ஸில் போய் வரலாம். நடு ராத்திரியில் வீடு வரைக்கும் வண்டி இருக்கும்.

"எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிட்டா உங்க கணக்கெல்லாம் மாறிடும்ல?"

ஓட்டும் செலவில் மாறும். அதே 450 கி.மீ.க்கு மின்சாரம் மாதம் 150 ரூபாயைத் தாண்டாது, பஸ் டிக்கெட்டை விடக் குறைவு. வாங்கும் விலையும் பேட்டரியும் மட்டும் அப்படியே நிற்கும். புகை இல்லை, சந்தோஷம். நெரிசலும் ஆபத்தும் பெட்ரோல் வண்டிக்குச் சொன்ன அதே கதைதான்.

"மெட்ரோ வந்தா எல்லாம் சரியாயிடும், அதுவரைக்கும் கார்ல போறேனே?"

ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களையே மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்று காரணம் சொல்லி மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்குப்படி நம் மாநகராட்சியில் சுமார் ஒன்பது லட்சம் பேர். இந்த அளவு ஊருக்கு நாளைக் காலையிலேயே கூட்டக்கூடியது பஸ்தான். தண்டவாளம் வேண்டாம், தூண் வேண்டாம், தடம் தப்பென்றால் அடுத்த வாரமே மாற்றலாம்.

"நான் ஒருத்தன் காரை விட்டுட்டுப் பஸ்ல ஏறினா டிராஃபிக் குறைஞ்சிடுமா என்ன?"

உங்கள் ஒரு காரால் குறையாது. ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு அண்ணா சிலையிலிருந்து மாம்பழச் சாலை வரை பாலத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். ஒரு பஸ் பதினோரு மீட்டர் நீளத்தில் ஐம்பது பேரைச் சுமந்து நிற்கும். அதே ஐம்பது பேர் காருக்கு இரண்டு பேராக வந்தால் இருபத்தைந்து கார், வண்டிகளுக்கு நடுவே துளி இடைவெளி விடாவிட்டாலும் நூறு மீட்டர். 2022 செப்டம்பரிலிருந்து 2023 மார்ச் வரை பராமரிப்புக்காக இந்தப் பாலத்தை அடைத்திருந்தபோது இரண்டு கரைக்காரர்களும் பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆற்றைத் தாண்டும் வழிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அந்த அகலத்தை நாம் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. கலெக்‌ஷன் இருக்கும் தடத்தில்தான் பஸ் கூடும். ஆள் குறைந்தால் முதலில் நிற்பது ராத்திரிக் கடைசி நடைதான். அதில் வருகிறவர் பெரும்பாலும் வேறு வழியில்லாதவர். வசதி இருக்கும் நாமும் ஏறினால் அவருடைய பஸ் நின்றுபோகாது.

"கடைசியா ஒண்ணு. அப்ப காரை வித்துடலாமா?"

உடனே விற்காதீர்கள். வைகுண்ட ஏகாதசி வாரம், சமயபுரம் தேர், மருத்துவமனை, வெளியூர்க் கல்யாணம் என்று கார் வேண்டிய நாட்கள் இருக்கின்றன. இரண்டு மாதம் ஒரு சின்ன நோட்டில் காரை எடுத்த ஒவ்வொரு தடவையும் தேதி, எங்கே, எத்தனை பேர், பஸ்ஸில் போயிருக்க முடியுமா என்று நாலு கட்டம் போட்டுக் குறியுங்கள். கடைசிக் கட்டத்தில் 'முடியாது' என்று வந்த நாட்களை மட்டும் எண்ணி, அவற்றுக்கு வாடகைக் காருக்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். அந்தத் தொகை மேலே சொன்ன பத்தாயிரத்தை விடக் குறைந்தால் விற்கலாம். எங்கள் வீட்டில் மாதம் ஆறு நாள் வந்தது, அம்மாவின் பிசியோதெரபியையும் சேர்த்து. கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. இரண்டாவது பைக் வாங்குவதைத்தான் விட்டோம்.